புருவம் கொடுத்த வாக்கு

மபினி, பத்தங்காஸ், பிலிப்பைன்ஸ்
புதன்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க அக்கா யூஃபெமியாவுக்கு,

உன் வலது கையைக் கடல் தாண்டி எடுத்து என் நெற்றியில் ஒற்றிக்கொண்டு, தம்பி தோத்தோய் எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் மிலான் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் தவக்காலத்தில் பொய் எழுதக் கூடாது என்பதால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: என் இடது கன்னம் பப்பாளிக்காய் அளவுக்கு வீங்கியிருக்கிறது. நேற்று நீ போன் செய்தபோது இந்தப் பக்கம் மாடு கத்துவதுபோல் கேட்டது என்று நம் சித்தப்பா மகன் சீசாரியோவிடம் சொன்னாயாம். அது மாடு இல்லை அக்கா, நான்தான். அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் நீ ஊருக்கு வர வேண்டாம். விமான டிக்கெட்டைத் தள்ளிப்போடு. வேலை செய்யும் வீட்டில் விட மாட்டேன் என்கிறார்கள் என்று சொல், முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல், எதையாவது சொல். நீ வந்தால் என் மகள் மரிவிக்குக்குக் கல்யாணம் நடந்துவிடும். பெற்ற தகப்பன் நான் சம்மதிக்காத கல்யாணம். அத்தை பக்கத்தில் நிற்காமல் மோதிரம் மாற்ற மாட்டேன் என்று அவளே சபையில் சொல்லியிருப்பதால், நீ மிலானிலேயே உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் எனக்கு மிச்சமிருக்கும் வழி. நான் எப்படி இந்த நிலைக்கு வந்தேன் என்பதை முழுதாகப் படி. நடுவில் சிரிக்காதே.

மரிவிக் இரண்டு வருஷமாக ஒருத்தனை விரும்புகிறாள் என்பது உனக்குத் தெரியும். எனக்கு முன்னாலேயே உனக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும், அதை இப்போது கிளற வேண்டாம். நம் ஊரில் ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் கல்லறைக் கல்லுக்குத்தான். உயிரோடு இருக்கும்வரை வேறு பெயர். என்னையே பார், பொலிகார்ப்பியோ என்று ஒரு அழகான பெயர் இருந்தும் இந்த நரைத்த தலையோடு எல்லாருக்கும் நான் தோத்தோய், சின்னப்பயல். அதே மாதிரி அந்தப் பையனுக்கு வீட்டில் வைத்த பெயர் புக்போக் என்பதாம். அரிசியில் விழுகிற வண்டுக்கும் பல்லைத் துளைக்கிற சொத்தைக்கும் நாம் சொல்கிற பெயர். மரிவிக் அந்தப் பெயரைச் சொல்லி முடிக்குமுன்பே, "அந்த வண்டு என் வாசப்படி ஏறக் கூடாது. அதப் பத்தி இனி ஒரு வார்த்தை என் காதுல விழக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். அவள் சொல் பேச்சு கேட்கிற பெண். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் என்ன வேலை செய்கிறான், எந்த ஊர், கறுப்பா சிவப்பா, ஒன்றும் சொல்லவில்லை. கேட்காததற்காக இன்று நான் என்ன பாடு படுகிறேன் பார். உனக்கு மட்டும் சொல்கிறேன், அவன் பெயர் அதிதூதர் மிக்கேல் என்றிருந்தாலும் நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். மரிவிக்கின் அம்மா சலோமே போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் பேச்சுத் துணைக்கு இருப்பது மகள் ஒருத்திதான். அவளும் போய்விட்டால் நான் யாரைத் திட்டுவது?

இந்த நேரத்தில்தான் பல் வந்தது. இடது கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல் ஒன்று எழுந்து நிற்காமல் படுத்தபடியே முளைத்திருக்கிறதாம். அரசாங்க வேலையில் இருந்தவன் பல்லும் அப்படித்தான் இருக்கும் என்று சீசாரியோ சிரித்தான். நான் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது. மரிவிக் ஒரு நாள் காலையில் மிகவும் சாதுவாக வந்து, "அப்பா, பவுவான்ல புதுசா ஒரு பல் ஆஸ்பத்திரி தொறந்திருக்காங்க. அறுவை சிகிச்சைதான், ஆனா படுக்கையெல்லாம் கெடையாது. காலையில போனா மத்தியானம் வீட்டுக்கு வந்துடலாம். வலியே தெரியாம பாத்துக்குவாங்களாம்" என்றாள். மகளுக்கு நம்மேல் எவ்வளவு அக்கறை என்று நெஞ்சு நிறைந்தது. இப்போது நினைத்தால் அந்த நெஞ்சிலேயே குத்திக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை போனேன். அந்த இடத்துக்கு 'நிம்மதிப் புன்னகை' என்று பெயர். வாசலிலேயே 'உங்கள் சௌகரியமே எங்கள் கவலை' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். என் கவலை பல்தான். அவர்களுக்கு அதைத் தவிர மற்றதெல்லாம் கவலை. உள்ளே போனதும் துணியில் போடும் வாசனைத் தண்ணீர் மாதிரி ஒரு மணம். தொட்டியில் இரண்டு தங்கமீன் என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடின. வரப்போவதை அவை அப்போதே சொல்லியிருக்கின்றன, எனக்குத்தான் புரியவில்லை. செரிலின் என்று ஒரு உதவிப் பெண். பேச்சு பூராவும் சர்க்கரை. சிரிக்கிற முகத்தில் ஆரம்பித்து அழுகிற முகத்தில் முடியும் ஒரு அட்டையைக் காட்டி, "அங்கிள், வலின்னா உங்களுக்கு எவ்வளவு பயம்? இதுல எந்த மூஞ்சின்னு தொட்டுக் காட்டுங்க" என்றாள். முப்பது வருஷம் பத்தங்காஸ் துறைமுகத்தில் ஒலிபெருக்கியில் காலபான் போகும் பயணிக் கப்பலுக்கு ஆள் கூப்பிட்டவன் நான். மின்சாரம் போன நாளில் ஒலிபெருக்கி இல்லாமலே கூப்பிட்டு, கடைசிப் படிக்கட்டில் இருந்தவனைக்கூட ஓட வைத்தவன். "இதுல என் மூஞ்சி இல்லம்மா" என்றேன்.

சரி, நாற்காலியில் சாய்த்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகக் கேள். முதலில் ஒரு வெதுவெதுப்பான போர்வை. வெளியே நாய் நிழல் தேடி அலைகிற வெயில் அக்கா, உள்ளே குளிரூட்டியை முழுசாகப் போட்டுவிட்டு, குளிருமே என்று போர்வை. அதைக் கழுத்துவரை இழுத்து இரண்டு பக்கமும் கைகளோடு சேர்த்து அடியில் செருகினாள். "கைக்கொழந்தைக்குத் துணி சுத்துற மாதிரி அங்கிள். அசையாம இருந்தா மனசு அமைதியாகிடும்" என்றாள். அப்புறம் விளக்கு கண்ணைக் கூசக் கூடாதென்று ஒரு கறுப்புக் கண்ணாடி. அப்புறம் கருவிச் சத்தம் கேட்கக் கூடாதென்று காதுக்கு ஒரு கருவி. அதில் என்ன ஓடியது தெரியுமா? கடல் அலை. வேலைக்காலம் முழுக்க அந்த இரைச்சலில் நின்று காது கெட்டவனுக்கு, ஓய்வு பெற்ற பிறகு சௌகரியத்துக்காகக் கடல் அலை. பிறகு வாய் மூடிக்கொள்ளாமல் இருக்க, தாடை நோகாமல் இருக்க, பற்களுக்கு நடுவே ஒரு ரப்பர் கட்டை. இத்தனையும் முடிந்த பிறகு காதுக் கருவியை ஒரு பக்கம் தூக்கி, "வலிச்சா எடது கையத் தூக்குங்க அங்கிள்" என்றாள். எந்தக் கையை? அவளே அடியில் செருகிய கையையா?

கையைப் போர்வைக்கும், கண்ணைக் கண்ணாடிக்கும், காதைக் கடலுக்கும், நாக்கை ரப்பருக்கும் கொடுத்த பிறகு ஒரு மனிதனிடம் மிச்சம் என்ன இருக்கும்? புருவம்தான். நம் நாட்டில் புருவத்தைத் தூக்கினால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன புதிதில் நீ புருவத்தைத் தூக்கித் தூக்கி 'ஆமாம்' சொல்ல, அந்த இத்தாலிக்கார வீட்டம்மா நீ எகிறுகிறாய் என்று ஒரு மாதம் முகம் கொடுக்காமல் இருந்ததை நீயேதான் எழுதியிருந்தாய். இங்கே அந்தப் பிரச்சினை இல்லை. இங்கே பிறந்த குழந்தைகூடப் புருவம் தூக்கினால் ஆமாம்தான்.

டாக்டர் வந்தார். எல்மர் மரசிகன் என்று கதவில் எழுதியிருந்தது. தொப்பிக்கும் முகமூடிக்கும் நடுவில் கண் மட்டும் தெரிந்தது. அந்தக் குளிரிலும் அவர் நெற்றியில் வியர்வை நின்றது. பாவம், தொழிலுக்குப் புதுசு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஊசியை எடுத்தார். மரத்துப்போகிறதுக்கு ஊசி என்கிறார்களே, அந்த ஊசி போடும்போது மரத்துப்போக என்ன கொடுப்பது என்று இதுவரை ஒருத்தனும் யோசிக்கவில்லை. அது ஈறில் இறங்கிய இறக்கத்தில் என் இரண்டு புருவமும் முடியைத் தொட்டன. "சௌகரியமா இருக்கா சார்?" என்று அதே நொடியில், கடல் இரைச்சலையும் மீறிக் காதில் விழும்படி கேட்டார். "அங்கிள் புருவத்தப் பாருங்க டாக்டர், எவ்ளோ குஷியா இருக்காரு" என்றாள் செரிலின். "அப்ப இன்னொண்ணும் போட்டுடலாம்" என்று இன்னொரு ஊசி. மறுபடி புருவம். மறுபடி குஷி. இல்லை என்று சொல்ல வழி தேடி, புருவத்தை நெருக்கிச் சுளித்துக் காட்டினேன். அந்தப் பெண் உடனே கையில் எண்ணெய் எடுத்து நெற்றிச் சுருக்கத்தை இரண்டு கட்டை விரலாலும் தேய்த்து நீவிவிட்டாள். "சுருக்காதீங்க அங்கிள், இறுக்கமா இருக்கக் கூடாது." முகத்தில் மிச்சமிருந்த ஒரே 'வேண்டாம்'. அதையும் எண்ணெய் போட்டு அழித்துவிட்டார்கள்.

தாடை மரத்த பிறகு வலி இல்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் எலும்பை நெம்பும்போது தலையோடு சேர்ந்து நாற்காலியே நகர்ந்தது. அந்த நேரத்தில், "சார், அதுக்கு நேர் மேல இருக்கற பல்லும் ஆடுது. ஒரே வேலையா அதையும் எடுத்துடட்டுமா?" என்று கேள்வி. நெம்புகோல் வாயில் இருக்கும்போது புருவம் எந்தப் பக்கம் போகும்? மேலேதான் போகும். நன்றாகத்தான் இருந்தது அக்கா அந்தப் பல், சோளத்தைக் கடிப்பதற்கு என்றே வைத்திருந்தேன். அதையும் தட்டில் 'டங்' என்று போட்டார்கள்.

இனிமேல்தான் இருக்கிறது. தையல் போட்டு முடித்ததும் டாக்டர் என் காதுக் கருவியைக் கழற்றினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு தன் முகமூடியை இறக்கினார். சின்னப் பையன். "சார், எல்மர்ங்கறது பள்ளிக்கூடத்துப் பேரு. வீட்ல என்னைய புக்போக்னு கூப்பிடுவாங்க" என்றான். அதிர்ச்சியில் என் புருவம் போன உயரம் அதற்கு முன் எந்த ஊசிக்கும் போனதில்லை. அது இறங்குவதற்குள், "ஞாயித்துக்கெழம எங்கம்மா அப்பாவக் கூட்டிக்கிட்டு மரிவிக்கக் கேட்டு உங்க வீட்டுக்கு வரலாமா சார்?" என்று கேட்டுவிட்டான். முந்தின விஷயத்துக்குத் தூக்கிய புருவம் அது. இந்தக் கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை. எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். ஆனால் செரிலின் கைதட்டினாள், அந்தப் பையன் கண்ணில் தண்ணீர், நான் என் குரல் முழுவதையும் திரட்டிக் கத்தினேன், அது 'ங்ஙாஆ' என்று வந்தது. "பேசாதீங்க சார், தையல் பிரிஞ்சிடும்" என்று என் வாயில் பஞ்சை வைத்து அடைத்தான். அதுவும் என் சௌகரியத்துக்காகத்தான்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் எழுதியாவது காட்டியிருக்கலாமே என்று நீ கேட்பாய். எழுதத்தான் நினைத்தேன். அதற்குள் அவள், "நீங்க சரின்னுட்டீங்களாமே அப்பா. நான் நம்பவே இல்ல. ரெண்டு தடவ கேட்டேன் அவர்கிட்ட" என்று என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவள் அம்மா போன அன்றைக்குக்கூட எனக்குப் பயந்து அடக்கி அழுத பெண். என் சட்டை நனைந்துவிட்டது. அந்த நேரத்தில் அவளைத் தள்ளிவிட்டுப் பேப்பர் பேனா எடுக்க எனக்குக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீக்கமும் அன்றைக்கென்று முழுசாக வந்தது. தாடை பூட்டிக்கொண்டு, ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் வாய் திறக்கவில்லை. அவர்கள் தீயில் வாட்டிய பன்றியும் நூடுல்ஸும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிப் பலகாரமுமாக வந்து இறங்கினார்கள். எனக்கு ஆறிப்போன உப்பில்லாத கஞ்சி, ஆஸ்பத்திரி உத்தரவு. காப்பி கூடாது. பத்தங்காஸில் பிறந்தவனுக்குக் காப்பி கூடாது என்று சொல்பவன் கையில் பெண்ணைக் கொடுப்பது எப்படி என்று நீயே சொல். எனக்குப் பதிலாகப் பேச நம் சீசாரியோ உட்கார்ந்தான். வார்டு கவுன்சிலரானதிலிருந்து அவனுக்குப் பேச ஒரு சபை கிடைத்தால் போதும், என்ன விஷயம் என்பது பிறகுதான். பையனின் அப்பா எழுந்து மரியாதையாக, "உங்க பொண்ண எங்க வீட்டுக்குத் தர உங்களுக்குச் சம்மதங்களா?" என்று கேட்டார். நான் நன்றாக மூச்சை இழுத்து 'வேண்டாம்' என்று சொன்னேன். பூட்டிய வாயில் முன்பாதி உள்ளேயே நின்றுவிட்டது. 'ஆம்' மட்டும் வெளியே வந்தது.

எல்லாரும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். நான் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் 'வேண்டாம்' என்று பெரிதாக எழுதி சீசாரியோவிடம் நீட்டினேன். அந்த நேரம் பார்த்து பையனின் அம்மா, மெதுவாகச் சப்பிக்கொள்ளட்டுமே என்று, என் தட்டில் பன்றித் தோல் ஒரு துண்டு வைத்திருந்தார். சீசாரியோ சீட்டைப் படித்தான். "அண்ணனுக்குக் கறி வேண்டாமாம். டாக்டர் சொன்னா தட்டவே மாட்டாரு" என்று அந்தத் துண்டையும் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

கடைசியில் பொறுமை இழந்து, வெளியே போங்கள் என்று வாசலை உதட்டால் காட்டினேன். நம்மவர்கள் எதையும் விரலால் காட்டுவதில்லையே, உதட்டைக் குவித்துத்தானே காட்டுவோம், அந்தப் பழக்கம் என்னைக் கெடுத்தது. வாசல் எனக்கு வலது பக்கம். உதடு வீங்கி இடது பக்கமாகக் கோணியிருக்கிறது. நான் எந்தப் பக்கம் குவித்தாலும் அது இடது பக்கம்தான் காட்டியது. அங்கே அரிசி ஆலைக்காரன் கொடுத்த, பன்னிரண்டு மாதமும் ஒரே தாளில் அச்சடித்த நாட்காட்டி. அதில் நீ ஊருக்கு வரும் தேதியை நானே ஆசையாகச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். முழுச் சபையும் என் உதட்டைப் பின்பற்றித் திரும்பியது. சீசாரியோ எழுந்து போய் உற்றுப் பார்த்தான். "யூஃபெமியாக்கா வர்ற வாரம். அண்ணன் வாயத் தொறக்காமலே தேதியும் குறிச்சுட்டாரு பாருங்க" என்றான். பையனின் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, சரியாக இடது கன்னத்தில் முத்தம் கொடுத்தார். என் புருவம் எங்கே போயிருக்கும் என்று உனக்கே தெரியும்.

அன்றிலிருந்து அந்தப் பையன் தினமும் சாயங்காலம் வருகிறான். வீக்கத்தைப் பார்க்க என்கிறான். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி என் கன்னத்தில் வைத்துவிட்டு, கை மரத்துப்போகும்வரை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நேற்று ஒரு தாளில், 'ஆம்பளையாக இருந்தால் வீட்டுக்கு வந்து கேட்டிருக்க வேண்டாமா' என்று எழுதிக் காட்டினேன். "ரெண்டு வருஷமா உங்க வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போயிருக்கேன் சார். உங்க கொரல் தெருமுனைக்கே கேக்குது. நீங்க வாயத் தொறந்தும் திட்ட முடியாத எடம் என் நாற்காலி ஒண்ணுதான்" என்றான். நெஞ்சழுத்தத்தைப் பார். ஐஸ் வாயோரம் இருந்ததால் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

ஆகவே அக்கா, காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், வராதே. இந்தக் கடிதத்தை சீசாரியோ வியாழக்கிழமை இரவு விமானத்தில் அவன் மகளைப் பார்க்க மிலான் வரும்போது கொண்டுவருவான். இதைக் கொண்டுவருகிறவன்தான் பாதிக் குற்றவாளி, அவனுக்கு ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்காதே. அத்தானுக்கு என் அன்பு. பனியில் போகும்போது காதை மூடிக்கொள். மாதா உன்னையும் உன் முட்டிவலியையும் பார்த்துக்கொள்ளட்டும். மறுபடியும் உன் கையை என் நெற்றியில் வைத்துக்கொண்டு விடைபெறுகிறேன்.

உன் தம்பி,
தோத்தோய்

பின்குறிப்பு: டிக்கெட்டில் கை வைக்காதே. முடிந்தால் ஒரு வாரம் முன்னாலேயே வா. இது வியாழன் காலை எழுதுவது. இன்றைக்கு எழுந்தபோது தாடைப் பூட்டு விட்டிருந்தது. குரல் வந்துவிட்டது. மரிவிக் கஞ்சியோடு வந்து நின்றாள். "அப்பா, ஒவ்வொரு ஊசிக்கும் நீங்க புருவத்தத் தூக்குனீங்கன்னு செரிலின் சொன்னா. அன்னிக்கு நீங்க புருவத்தத் தூக்குனது சம்மதமா, வலியா? வலின்னா சொல்லிடுங்க. இப்பவே அவருக்குப் போன் பண்ணி நிறுத்திடறேன். உங்களுக்குப் புடிக்காம எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றாள். போன் அவள் கையிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு அத்தனையும் என் வாயில் தயாராக இருந்தது. "வலிதாம்மா" என்றேன். அவள் அழவில்லை, கோபப்படவில்லை, தலையை ஆட்டிவிட்டு எண்ணை அழுத்த ஆரம்பித்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை அக்கா, நிஜமாகவே நிறுத்தப் போனாள். காலபான் கப்பலுக்குக் கூப்பிட்ட குரலில், "போனக் கீழ வை" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் சிதறி ஓடின. "வலிக்குதுன்னுதானே சொன்னேன், வேண்டாம்னு சொன்னேனா?" அவள் இன்னும் அடுக்களையில் அழுதுகொண்டிருக்கிறாள். கஞ்சி ஆறிவிட்டது, நான் போய் நானே எடுத்துக் குடித்துக்கொள்கிறேன்.